ஒரே தோட்டம், ஐந்து ஆண்டுகள்: விலை குறைந்த போர்டோ சிவப்பு ஒயினை ஆண்டுவாரியாக ஒப்பிடுவது எப்படி?

ஒயின் கடையில் ஒரே பெயர், ஒரே லேபிள், கிட்டத்தட்ட ஒரே விலையில் இரண்டு பாட்டில்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஒன்றில் 2020 என்று இருக்கும், மற்றதில் 2021. எதை எடுப்பது? பெரும்பாலானவர்கள் உடனே போனை எடுத்து எது நல்ல ஆண்டு என்று தேடுவார்கள். நானும் பல காலம் அப்படித்தான் செய்தேன். தேடினால் கிடைப்பது ஊர் முழுவதற்கும் சேர்த்துப் போட்ட ஒரு மதிப்பெண். கையில் இருக்கும் இந்தப் பாட்டிலை இன்று ராத்திரியே திறக்கப் போகிறோமா, பத்து வருஷம் கழித்துத் திறக்கப் போகிறோமா என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது.

இதற்கு விடை நாக்கில்தான் கிடைக்கும். ஒரே தோட்டத்தின் நாலைந்து ஆண்டு ஒயின்களை ஒரே மேசையில் வரிசையாக வைத்துச் சுவைத்துப் பார்க்க வேண்டும். இதற்கு வெர்டிகல் என்று பெயர். மண் மாறவில்லை, கொடி மாறவில்லை, ஒயின் செய்யும் கூடமும் மாறவில்லை. மாறியது அந்தந்த ஆண்டின் வெயிலும் மழையும் மட்டும்தான். புகழ்பெற்ற தோட்டங்களின் ஒயினில் இதைச் செய்ய நகையை அடகு வைக்க வேண்டியிருக்கும். 15 யூரோ ஒயினில் செய்தால் ஐந்து பாட்டிலுக்கு 75 யூரோ. ஆறு பேர் பகிர்ந்தால் தலைக்கு 12 யூரோ 50 சென்ட். ஒரு சுமாரான உணவகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு ஆகும் செலவு.

முதல் முறை செய்கிறவர்கள் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. அவற்றில் பலவற்றில் நானே விழுந்திருக்கிறேன். அதனால் சில இடங்களில் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

முதல் வேலை: தோட்டத்தைத் தேர்ந்தெடுப்பது

நான் எடுத்துக்கொண்டது ஷத்தோ லனெஸான். பிரான்ஸின் போர்டோ பகுதியில், ஜிரோந்த் கழிமுகத்துக்கும் அட்லாண்டிக் கடலுக்கும் நடுவே நாக்கைப் போல நீண்டு கிடக்கும் நிலத்துக்கு மெதோக் என்று பெயர். அங்கே குஸ்ஸாக் என்ற ஊரில் இருக்கிறது இந்தத் தோட்டம். எல்லையைத் தாண்டினால் புகழ்பெற்ற தோட்டங்கள் இருக்கும் சான் ஜூலியான் என்ற ஊர். அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு பாட்டில் வாங்கும் காசுக்கு லனெஸானில் நாலைந்து பாட்டில் வாங்கிவிடலாம். 1793-இல் டெல்போஸ் என்ற போர்டோ வணிகர் வாங்கிய சொத்து இது. அவர் வழிவந்த குடும்பத்தின் கையில்தான் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்திருக்கிறது. 1855-இல் மெதோக் தோட்டங்களைத் தரம் பிரித்தபோது அப்போதைய உரிமையாளர், இதெல்லாம் வெறும் காகித வேலை என்று சொல்லி மாதிரி பாட்டில்களை அனுப்பவே இல்லை என்று ஒரு கதை உண்டு. உண்மையோ என்னவோ, அந்தப் பட்டியலில் இடம் இல்லாததால்தான் விலை இன்றும் நமக்கு எட்டுகிறது.

நீங்கள் லனெஸானைத்தான் எடுக்க வேண்டும் என்று இல்லை. உங்கள் ஊரில் கிடைக்கும் எந்தத் தோட்டத்து ஒயினும் சரிதான், ஆனால் அது உண்மையிலேயே ஒரு தோட்டத்து ஒயினாக இருக்க வேண்டும். போர்டோ பாட்டிலில் ‘மீ ஆன் பூத்தேய் ஓ ஷத்தோ’ (mis en bouteille au château) என்ற வரியைத் தேடுங்கள். தோட்டத்திலேயே பாட்டிலில் அடைத்தது என்று அதற்குப் பொருள். சூப்பர் மார்க்கெட்டில் குவிந்திருக்கும் பெரிய பிராண்டு ஒயின்கள் இதற்கு உதவாது. பல ஊர்களிலிருந்து ஒயினை வாங்கிக் கலந்து, எந்த ஆண்டு திறந்தாலும் ஒரே மாதிரி இருக்கும்படி செய்வதுதான் அவர்களுடைய திறமை. நாம் தேடும் வித்தியாசத்தை அவர்கள் முன்கூட்டியே அழித்துவிட்டிருப்பார்கள். தோட்டக்காரருக்கு அந்த வசதி இல்லை. அவருடைய நிலத்தில் அந்த ஆண்டு என்ன விளைந்ததோ, அதுதான் பாட்டிலுக்குள் போகும்.

இன்னொரு விஷயம், இரண்டாவது லேபிள். பெரும்பாலான போர்டோ தோட்டங்கள் முதல் தேர்வில் சேராத ஒயினை வேறு பெயரில் விற்கின்றன. லனெஸானுக்கு அந்த இரண்டாவது ஒயின் லெ கலேஷ் த லனெஸான். பெயரில் லனெஸான் இருக்கிறதே என்று அவசரத்தில் எடுத்து முதல் ஒயின்களோடு வரிசையில் வைத்துவிட்டால், வானிலை வித்தியாசமும் தர வித்தியாசமும் கலந்துபோய் ஒப்பீடே கெட்டுவிடும்.

லேபிளில் படிக்க வேண்டியவை

ஆண்டு என்று போட்டிருப்பது பழம் பறித்த ஆண்டு, பாட்டிலில் அடைத்த ஆண்டு அல்ல. ஐரோப்பிய விதிப்படி குறைந்தது 85 சதவீதப் பழம் அந்த ஆண்டினுடையதாக இருந்தால் போதும்.

ஆல்கஹால் அளவையும் பாருங்கள், ஆனால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஐரோப்பாவில் அதை அரை அரை சதவீதமாகத்தான் அச்சிடுவார்கள். உண்மையான அளவு அதிலிருந்து அரை சதவீதம் வரை தள்ளி இருக்கலாம் என்று விதியே இடம் தருகிறது. 13 என்று போட்ட பாட்டிலும் 13.5 என்று போட்ட பாட்டிலும் உள்ளே ஒன்றாகவே இருக்கக்கூடும். 13-க்கும் 14.5-க்கும் இடையே உள்ள வித்தியாசம் மட்டும் பேசத் தகுந்தது.

எல்லாப் பாட்டிலும் ஒரே அளவாக, 750 மில்லியாக இருக்கட்டும். ஒன்றரை லிட்டர் பாட்டிலில் ஒயின் மெதுவாகத்தான் முதிரும்.

வாங்கும்போது

பிரான்ஸில் இருப்பவர்களுக்கு செப்டம்பர் மாதம் நல்ல காலம். சூப்பர் மார்க்கெட்டுகள் எல்லாம் ஃபுவார் ஓ வேன் என்று ஒயின் திருவிழா நடத்தும் மாதம் அது. ஒரே தோட்டத்தின் இரண்டு மூன்று ஆண்டுகள் ஒரே கடையில் கிடைப்பது அப்போதுதான் சாத்தியம். மற்றவர்கள் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டியதுதான். வருஷம் ஒன்று வாங்கிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவைக்கலாம், அதற்குப் பொறுமை வேண்டும்.

கடையின் கண்ணாடிக்குப் பக்கத்தில் வெயில் படும்படி நிற்கும் பாட்டிலைத் தொடாதீர்கள். ஒருமுறை ஒரு கடையில் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு அப்படி ஒன்றை வாங்கினேன். வீட்டில் பார்த்தால் கார்க் கழுத்தை விட்டு இரண்டு மில்லிமீட்டர் வெளியே தள்ளி நின்றது. சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கை மேலே தள்ளியிருக்கிறது. உள்ளே இருந்தது ஒயின் அல்ல, வேகவைத்த உலர்திராட்சைத் தண்ணீர். அந்த ஆண்டே மோசம் என்று நான் எழுதி வைத்திருப்பேன். உண்மையில் மோசமானது அந்த அலமாரி. அதனால் ஆண்டுகளை ஒப்பிடும்போது பாட்டில்கள் எல்லாம் ஓரளவு ஒரே மாதிரி பாதுகாக்கப்பட்டவையா என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

முடிந்தால் ஒவ்வொரு ஆண்டிலும் இரண்டு வாங்குங்கள். கார்க் கெட்டுப்போன பாட்டில் ஒன்று மாட்டினால் மாற்று இருக்கும்.

சுவைக்கும் நாளுக்கு முன்னேற்பாடு

பாட்டில்களை முதல் நாளே நிமிர்த்தி வையுங்கள், வண்டல் இருந்தால் அடியில் தங்கும். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்று சொல்வது கல் வீடுகள் குளிர்ந்து கிடந்த காலத்துப் பேச்சு. 28 டிகிரி அறையில் வைத்த ஒயினில் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும். 16 முதல் 18 டிகிரிக்குள் இருக்கட்டும். சூடான அறையென்றால் பரிமாறுவதற்கு முன் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஃபிரிட்ஜில் வைத்தால் சரியாகிவிடும். ஐந்தும் ஒரே வெப்பத்தில் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். ஒன்று குளிர்ந்தும் ஒன்று சூடாகவும் இருந்தால் குளிர்ந்தது துவர்ப்பாகத் தெரியும், சூடானது தளர்ந்து தெரியும்.

ஒரு மணி நேரம் முன்னால் எல்லாவற்றையும் திறந்து ஒவ்வொரு சொட்டு முகர்ந்து பாருங்கள். நனைந்த செய்தித்தாள், மழையில் ஊறிய சாக்கு மாதிரி வாடை வந்தால் கார்க் கெட்டிருக்கிறது என்று பொருள். காற்றாட வைத்தாலும் அது போகாது, மாற்றுப் பாட்டிலைத் திறங்கள்.

அடுத்தது ஆண்டுகளை மறைப்பது. 2021 என்று தெரிந்துவிட்டால் மழை ஆண்டு ஒயின் நீர்த்திருக்கும் என்று மூளை முன்னாலேயே முடிவு கட்டிவிடும், அதன் பிறகு நாக்கு அதற்குத் தலையாட்டும். ஒருவர் பாட்டில்களைக் காகிதப் பையில் சுற்றட்டும். வேறொருவர் அறைக்குள் வந்து அவற்றை இடம் மாற்றி எண் போடட்டும். இப்படிச் செய்தால் சுற்றியவருக்கும் எண் தெரியாது, எண் போட்டவருக்கும் ஆண்டு தெரியாது. இருவரும் மேசையில் உட்கார்ந்து சுவைக்கலாம்.

இதில் ஒரு சின்னத் திருட்டுத்தனமும் உண்டு. சுற்றுகிறவர் ஐந்தில் ஏதாவது ஒரு ஒயினில் பாதியைச் சுத்தமான காலிப் பாட்டிலில் ஊற்றி ஆறாவது பையில் வைத்துவிட வேண்டும். எந்த ஆண்டு என்று யாரிடமும் சொல்லக் கூடாது. மேசையில் ஆறு ஒயின், உண்மையில் ஐந்துதான். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மேசையில் காரம், ஊறுகாய், மிக்சர் எதுவும் கூடாது. மிளகாய் எரியும் நாக்கில் ஆல்கஹாலும் துவர்ப்பும் இரண்டு மடங்காகத் தெரியும். உப்பில்லாத ரொட்டியும் தண்ணீரும் போதும். சமையலறையில் தாளிப்பு நடந்துகொண்டிருந்தால் முதலில் அது முடியட்டும். அத்தர், சென்ட் போட்டு வரும் நண்பர்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

துப்புவதற்கு ஒரு பாத்திரம் வேண்டும். பழைய கல்யாண வீடுகளில் வெற்றிலை எச்சிலுக்கு வைக்கும் படிக்கம் நினைவிருக்கிறதா? அதேதான். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆளுக்கு 50 மில்லி வீதம் ஆறு ஒயின் என்றால் 300 மில்லி. 13.5 சதவீத ஆல்கஹாலில் அது 32 கிராம், பிரான்ஸ் கணக்கில் மூன்று கிளாஸுக்கு மேல். விழுங்கிக்கொண்டே போனால் நாலாவது ஒயினிலிருந்து எல்லாமே அருமையாக இருக்கும். வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்புகிறவர் கட்டாயம் துப்பட்டும், சாப்பாட்டு நேரத்திலும் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

எதைக் கவனிப்பது

வெள்ளைத் தாளில் ஆறு வட்டம் போட்டு எண் எழுதி, வட்டத்துக்கு ஒரு கிளாஸ் வையுங்கள். முதல் சுற்றில் முகர மட்டும் செய்யுங்கள், ஒன்றிலிருந்து ஆறு வரை. இரண்டாவது சுற்றில் குடியுங்கள். மூன்றாவது சுற்றில் ஆறிலிருந்து ஒன்றுக்குத் திரும்பி வாருங்கள். இந்தத் திரும்பும் பயணத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஒயின் புத்தகங்கள் சொல்லும் பழ வாசனைகளைத் தேடி அலைய வேண்டாம். பிளாக்கரண்ட் என்பதைச் சின்ன வயதில் தின்று வளராதவருக்கு அது வெறும் சொல். உங்கள் மூக்கில் இருப்பதை எழுதுங்கள். நாவல்பழம், பேரீச்சை, ஈரமண், பென்சில் சீவின தூள், புதுத் தோல் செருப்பு, எதுவானாலும் சரி. கேபர்னே சோவின்யோன் திராட்சையில் ஒரு வாசனை மட்டும் உண்மையிலேயே ஆண்டைக் காட்டிக்கொடுக்கும். அது குடைமிளகாயை நறுக்கும்போது வரும் பச்சை வாடை. பழம் முழுதாகப் பழுக்காத குளிர்ந்த ஆண்டுகளில் இது தூக்கலாக இருக்கும், வெயில் ஆண்டுகளில் காணாமல் போகும்.

ஆண்டுகளை ஒப்பிட எனக்கு வாசனையைவிட நம்பகமாக இருப்பவை வாய்க்குள் நடக்கும் மூன்று விஷயங்கள்.

முதலாவது துவர்ப்பு. டானின் என்பதை இங்கிலீஷில் விளக்கப் பத்து வரி எழுதுவார்கள். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை, அறுசுவையில் ஒன்றாகவே பெயர் வைத்திருக்கிறோம். வாழைப்பூ, பச்சை மாதுளைத் தோல், நெடுநேரம் கொதித்த கட்டன் சாயா எல்லாம் ஈறைப் பிடித்து இழுக்குமே, அதேதான் இது. திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிறது. எவ்வளவு துவர்க்கிறது என்பதோடு எப்படித் துவர்க்கிறது என்றும் பாருங்கள். வெல்வெட் துணியைத் தடவுகிற மாதிரியா, உப்புத்தாள் மாதிரியா? நன்றாகப் பழுத்த ஆண்டில் துவர்ப்பு நிறைய இருந்தும் மெத்தென்று இருக்கலாம். பழுக்காத ஆண்டில் கொஞ்சமே இருந்தும் பற்களுக்கிடையே சொரசொரக்கும்.

இரண்டாவது புளிப்பு. விழுங்கியோ துப்பியோ முடித்த பிறகு தலையைக் கொஞ்சம் குனிந்து வாயைச் சும்மா வைத்திருங்கள். மாங்காயைப் பார்த்த மாதிரி நாக்கின் ஓரங்களில் நீர் ஊறுகிறதா? எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம்? நாக்கு எதையும் மறைக்காமல் சொல்லிவிடும் சோதனை இது. குளிர்ந்த ஆண்டில் ஊறிக்கொண்டே இருக்கும், கொளுத்திய ஆண்டில் சட்டென்று நின்றுவிடும்.

மூன்றாவது சூடு. தொண்டையில் இறங்கும் கதகதப்பு ஆல்கஹாலுடையது. வெயில் அதிகமானால் பழத்தில் சர்க்கரை அதிகமாகும், சர்க்கரை அதிகமானால் ஆல்கஹாலும் ஏறும். அவ்வளவுதான் கணக்கு.

இந்த மூன்றுக்கும் எண்ணுக்கு நேராக ‘கம்மி, சரி, தூக்கல்’ என்று ஒரு சொல் எழுதினால் போதும். கடைசியில் வாயில் சுவை எத்தனை நொடி நிற்கிறது என்று எண்ணி அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் மட்டும் போட வேண்டாம். எண் போட்டுவிட்டால் அப்புறம் யாரும் குறிப்பைப் படிப்பதில்லை.

ஆறாவது பையின் ரகசியம்

எங்கள் வீட்டில் ஆறு பேர் உட்கார்ந்தோம். குறிப்புகளைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்ததும் நண்பரின் மனைவி கேட்டார்: “அண்ணா, மூணும் அஞ்சும் ஒரே தோட்டம்தானா? அஞ்சு வேற யாரோ பண்ணின மாதிரி முரடா இருக்கே?” மூன்று பேர் ஆமாம் என்றார்கள். என் தாளிலும் மூன்றாம் எண்ணுக்கு ‘மெத்து, பழம்’ என்றும் ஐந்தாம் எண்ணுக்கு ‘கொஞ்சம் இறுக்கம்’ என்றும்தான் இருந்தது.

பையைப் பிரித்தோம். மூன்று 2019. ஐந்தும் 2019. ஒரே பாட்டில்.

காரணம் வரிசையில் இருந்தது. மூன்றுக்கு முன்னால் இரண்டாம் எண்ணில் 2022, எல்லா ஆண்டுகளிலும் அடர்த்தியானது. அதைக் குடித்த வாய்க்கு 2019 மெத்தென்று பட்டது. ஐந்துக்கு முன்னால் நாலாம் எண்ணில் 2021, எல்லாவற்றிலும் மெலிந்தது. அதற்குப் பின்னால் வந்த அதே 2019 முரடாகத் தெரிந்தது. தெற்கேயிருந்து வருகிறவருக்குக் குளிரும், வடக்கேயிருந்து வருகிறவருக்கு வியர்க்கும், ஊர் என்னவோ ஒன்றுதான். திரும்பும் பயணம் அவசியம் என்று சொன்னது இதனால்தான். ஆறிலிருந்து பின்னோக்கி வந்தால் ஒவ்வொரு ஒயினுக்கும் முன்னால் வேறு பக்கத்து வீட்டுக்காரர் இருப்பார். இரண்டு திசையிலும் ஒரே மாதிரி தெரிந்த விஷயங்களை மட்டும் நம்புங்கள். ஒரே ஒயினுக்கு உங்கள் மேசையில் எவ்வளவு முரண்பாடு வருகிறது என்று பார்த்துவிட்டால், அதைவிடச் சின்ன வித்தியாசத்தை வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டுகளைப் பற்றிச் சண்டை போட மாட்டீர்கள்.

இனி வானத்தின் கதை

இந்தப் பகுதியை வேண்டுமென்றே பின்னால் வைத்திருக்கிறேன். சுவைத்து, பைகளைப் பிரித்த பிறகு படித்தால்தான் இதில் பயன் உண்டு. போர்டோ முழுவதற்கும் பொதுவான வானிலை இது. உங்கள் தாளில் எழுதியதோடு வைத்துப் பாருங்கள்.

2018: இரண்டு ஆண்டுகளை ஒட்டித் தைத்த மாதிரி. வசந்தத்தில் விடாத மழை, அதோடு அடிச்சாம்பல் நோய். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை போடுகிறவர்களுக்கு இந்தப் பெயரைச் சொன்னாலே வயிற்றைக் கலக்கும். மே கடைசியில் மெதோக்கின் தென்பகுதியில் ஆலங்கட்டி வேறு. ஜூலை பாதிக்கு மேல் வானம் அப்படியே மாறி, அறுவடை வரை வெயிலும் வறட்சியும்தான். நோய்க்குத் தப்பிய பழம் நன்றாகப் பழுத்தது, ஆல்கஹால் ஏறியது. கருத்த நிறம், நிறைந்த வாய், தொண்டையில் சூடு.

நோயைச் சொன்னதால் ஒரு கிளைக் கதை. நம் ஊர் விவசாயிகள் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளிக்கும் போர்டோ கலவை பிறந்தது இதே மெதோக்கில்தான். சாலையோரக் கொடிகளிலிருந்து போகிறவர் வருகிறவர் பழம் பறிக்காமல் இருக்க, சான் ஜூலியான் தோட்டக்காரர்கள் அந்தக் கலவையைப் பூசி வைப்பார்கள். 1882-இல் அந்த வழியாகப் போன தாவரவியல் பேராசிரியர் மில்லார்தே, பூசிய கொடிகளில் மட்டும் இலை உதிராமல் இருப்பதைக் கண்டார். 1885-இல் அதை மருந்தாக வெளியிட்டார். சான் ஜூலியான் என்றால் லனெஸானின் பக்கத்து ஊர்.

2019: ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் வெப்ப அலை. ஜூலை 23 அன்று போர்டோவில் 41.2 டிகிரி. ஆனாலும் கொடி வாடுவதற்குள் தேவையான நேரத்தில் கொஞ்சம் மழை கிடைத்தது. பழமும் புளிப்பும் ஒன்றையொன்று தாங்கி நின்ற ஆண்டு. இந்த ஒயின்கள் முன்பதிவு விற்பனைக்கு வந்தது 2020 கொரோனா முடக்கத்தின் நடுவில். வாங்க ஆள் இருக்குமா என்ற பயத்தில் பல தோட்டங்கள் விலையைக் குறைத்தன. தரத்துக்கும் விலைக்கும் இப்படி ஒரு பொருத்தம் அடிக்கடி அமைவதில்லை.

2020: குளிர்காலம் இதமாக இருந்ததால் கொடி சீக்கிரமே துளிர்த்தது. ஜூன் பாதியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை ஏறக்குறைய 50 நாள் மழையே இல்லை. பழம் சின்னதாக, தோல் தடித்து நின்றது. தோலில்தான் துவர்ப்பு இருக்கிறது, உங்கள் தாளில் துவர்ப்புக்கு ‘தூக்கல்’ விழுந்திருந்தால் ஆச்சரியமில்லை. அறுவடையும் சீக்கிரமே முடிந்தது. 2018, 2019, 2020 மூன்றையும் சேர்த்து நல்ல ஆண்டுகளின் வரிசை என்று வியாபாரிகள் பேசுவார்கள். வரிசை உண்மைதான். மூன்றும் ஒன்றுபோல இல்லை என்பதைத்தான் இப்போது குடித்துப் பார்த்தீர்கள்.

2021: ஏப்ரல் முதல் வாரம் கழிந்ததும் கடும் உறைபனி, துளிர்கள் கருகின. அப்புறம் மழை, மறுபடியும் அடிச்சாம்பல் நோய், வெயில் இல்லாத கோடை. மெதோக்கில் கேபர்னே பறிப்பு அக்டோபர் வரை நீண்டது. சர்க்கரை சரியாக ஏறாததால் பல தோட்டங்கள் சாற்றில் சர்க்கரை சேர்க்க வேண்டியிருந்தது. நெப்போலியனின் அமைச்சர் ஷப்தால் பெயரால் ஷப்தலிஸாசியோன் என்று வழங்கும் பழைய, சட்டத்துக்கு உட்பட்ட முறை இது. லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை சேர்த்தால் ஆல்கஹால் ஒரு சதவீதம் ஏறும். கிடைத்தது மெலிந்த, புளிப்பான, குடைமிளகாய் வாடை கொஞ்சம் எட்டிப் பார்க்கும் ஒயின். ஐம்பது வயது தாண்டிய பிரெஞ்சுக்காரர்கள் இதைக் குடித்துவிட்டு, எங்கள் காலத்து போர்டோ இப்படித்தான் இருந்தது என்று சந்தோஷப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

2022: ஜூனிலேயே தொடங்கிய வெப்ப அலைகள், நீண்ட வறட்சி. ஜூலையில் போர்டோவுக்குத் தெற்கே லாந்திராஸிலும் தென்மேற்கே லா டெஸ்ட்டிலும் பைன் காடுகள் எரிந்து 20,000 ஹெக்டேருக்கு மேல் சாம்பலாயிற்று. ஒயின் ஜாம் மாதிரி இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அப்படி இல்லை. ஆரம்பத்திலிருந்தே தண்ணீர் குறைவாகக் கிடைத்ததால் கொடி அதற்குப் பழகிக்கொண்டது என்று தோட்டக்காரர்கள் சொல்கிறார்கள். அடர்த்தி இருக்கிறது, நிறைய துவர்ப்பும் இருக்கிறது, ஆனால் சோர்வு இல்லை. இன்னும் சில வருஷம் மூடி வைக்க வேண்டிய ஒயின்.

இந்தக் கதையை எப்படிப் பயன்படுத்துவது

‘நல்ல ஆண்டு’ என்று பத்திரிகைகள் சொல்வது பெரும்பாலும் நீண்ட நாள் தாங்கும் ஆண்டை. அதில் துவர்ப்பும் அடர்த்தியும் நிறைய இருக்கும். 15 யூரோ ஒயினை யாரும் இருபது வருஷம் பாதாள அறையில் வைப்பதில்லை, வாங்கின வாரத்திலேயே திறக்கிறோம். அப்படிப்பட்ட நமக்கு 2022-ஐவிட 2021 இன்று ராத்திரிக்கு ஏற்றதாக இருக்கக்கூடும். இதுதான் விலை குறைந்த ஒயின்களை இப்படி ஒப்பிட்டதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம். நல்ல ஆண்டு எது என்று கேட்பதை விட்டுவிட்டு, எது இப்போது தயார், எது காத்திருக்க வேண்டும் என்று இரண்டாகப் பிரிக்கக் கற்றுக்கொண்டேன்.

சாப்பாட்டையும் சேர்த்துப் பாருங்கள். கட்டன் சாயாவில் பால் விட்டதும் துவர்ப்பு அடங்குகிறது அல்லவா? பாலில் உள்ள புரதம் டானினைப் பிடித்துக்கொள்கிறது. ஆட்டுக்கறியும் பாலாடைக்கட்டியும் ஒயினுக்கு அதே வேலையைச் செய்யும். கொழுப்புள்ள தொடைக்கறி இருந்தால் இளம் 2020-உம் 2022-உம் அன்றைக்கே மென்மையாகிவிடும். கோழி வறுவலோ காளானோ என்றால் 2021-ஐ எடுங்கள்.

குறிப்புத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு வருஷம் கழித்து அதே ஐந்து ஆண்டுகளை மறுபடி திறந்தால் வரிசை மாறியிருக்கும். ஊதா ஓரம் செங்கல் நிறமாகும், துவர்ப்பு கரைந்து அடியில் வண்டலாகும், பழ வாசனை போய்க் காய்ந்த இலை வரும். இன்றைக்கு மூடிக் கிடக்கும் ஒயின் அன்றைக்குப் பேசும்.

மீதி ஒயின்

ஆறு பேருக்கு ஊற்றியதுபோக ஒவ்வொரு பாட்டிலிலும் 450 மில்லி மிஞ்சும், இரட்டை வேடம் போட்டதில் மட்டும் 150. எல்லாப் பாட்டில்களையும் பையில்லாமல், பெயர் தெரிய, சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு யாரும் எதையும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுங்கள். எது முதலில் காலியாகிறது என்று மட்டும் ஓரக்கண்ணால் பாருங்கள். எங்கள் வீட்டில் குறிப்புகளில் கடைசி இடம் வாங்கிய 2021 கறிக்குழம்பு வருவதற்கு முன்பே தீர்ந்துவிட்டது. அதற்கு ‘தண்ணி’ என்று எழுதியவர்தான் கடைசி அரை கிளாஸை ஊற்றிக்கொண்டார். 2022-இல் பாதி அப்படியே நின்றது. கார்க்கைத் திரும்பச் செருகி ஃபிரிட்ஜில் வைத்தேன். இரண்டாம் நாளும் விறைப்பாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் ராத்திரி, மிஞ்சிய சுக்காவோடு ஒரு கிளாஸ் ஊற்றினபோதுதான் கொஞ்சம் இறங்கி வந்தது.